எந்தச் சேலம்? இணையப் பக்கத்தில் பொருள் குறிக்கும் முறை

சேலம் என்று சொன்னால் நமக்கு ஒரே ஊர்தான். வடக்கே சேர்வராயன் மலை, செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் வெள்ளி தட்டும் ஓசை, கோடையில் மாம்பழ மண்டி என்று மனத்தில் உடனே ஒரு படம் விரிந்துவிடும். தேடுபொறிக்கு அந்தப் படம் கிடையாது. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைக் கண்டால், அது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகராக இருக்கலாம், 1692-இல் சூனியம் செய்தார்கள் என்று பழி சுமத்தி மக்களை விசாரித்த மாசச்சூசெட்ஸ் ஊராக இருக்கலாம், நம் ஊராகவும் இருக்கலாம். தமிழில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு கொலுசுக் கடையின் பக்கத்தில் "வெள்ளி விடுமுறை" என்று ஒரு வரியும் "வெள்ளி விலை" என்று அடுத்த வரியும் இருந்தால், முதலாவது கிழமை, இரண்டாவது உலோகம் என்பது நமக்குத் தெரிகிறது. இயந்திரமோ பக்கத்துச் சொற்களைக் கொண்டு ஊகிக்கத்தான் வேண்டும்.

அப்படி ஊகிக்க விடாமல், இது ஊரின் பெயர், இது கிழமை, இது பொருளின் விலை என்று பக்கத்திலேயே குறித்து வைப்பதைத்தான் பொருள் குறியிடல் என்கிறோம். செமான்டிக் மார்க்அப் என்றும் ஸ்கீமா என்றும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையிலிருந்து அடுத்த பட்டறைக்குக் கொலுசு கைமாறும்போது, பையோடு எடையும் டச்சும் (வெள்ளியின் தூய்மை அளவு) எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று சேர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பையைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாங்குகிறவர் அந்தச் சீட்டைக் கொண்டு அறிந்துகொள்கிறார். இணையப் பக்கத்தில் நாம் எழுதப்போவதும் அத்தகைய சீட்டுதான். சீட்டில் உள்ளது சரக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. கடைசி வரை மறக்கக் கூடாத விதியும் அதுவே.

சேலத்தில் சிறு வணிகர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருவது என் தொழில். நிரல் எழுதிப் பழக்கமில்லாத, தன் தளத்தைத் தானே பராமரிக்க விரும்புகிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஏற்காட்டில் அவர்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்ட வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காப்பித்தூளும் மிளகும் விற்கிறார்கள். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல், அப்படியே இட வேண்டும்.

முதலில் எழுத்தைச் சரிபாருங்கள்

ஸ்கீமா சேர்க்க வேண்டும் என்று வருகிறவர்களின் தளத்தைத் திறந்தால், பல நேரங்களில் நான் முதலில் பார்ப்பது அறை வாடகைப் பட்டியலைப் படமாகப் போட்டிருப்பதைத்தான். அச்சகத்தில் அடித்த அழகான அட்டையைப் படம் எடுத்து ஏற்றியிருப்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது பட்டியல். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் ஒரு படம் மட்டுமே. பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்து போடுங்கள். அதற்கு முன் எந்தக் குறியீடும் பயன்படாது.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்றும் அச்சகங்களிலும் அலுவலகக் கணினிகளிலும் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், "தமிழ்" என்று திரையில் தெரிகிற சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடுபொறியும் அதையே படிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக்கிய பிறகே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. வெள்ளி என்ற சொல்லின் தொடக்கம் வகரமும் ஒற்றைக்கொம்பும் சேர்ந்த "வெ". அதன் பின் வருவது "ள்", பிறகு "ளி". அவசரத்தில் தட்டச்சு செய்கிறவர் சிலர் "வௌ" என்ற ஔகார எழுத்தை இட்டு, அதன் மேல் ஒரு புள்ளியை வைத்து, "வௌ்ளி" என்று ஆக்கிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு எழுத்துச் சரங்கள்; சரியாகத் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கும் உங்கள் பக்கத்துக்கும் இடையில் அந்த ஓர் எழுத்து குறுக்கே நிற்கும். கொலுசு விற்கிற ஊரில் இந்தப் பிழை வந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: உலாவியில் பக்கத்தைத் திறந்து, பக்கத்துக்குள் தேடும் பெட்டியில் அந்தச் சொல்லை நீங்களே கவனமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடலில் அகப்படவில்லை என்றால் எழுத்தில் பிழை இருக்கிறது.

இன்னொன்று: இணையப் பக்கத்தை எழுதும் மொழி எச்டிஎம்எல்; அதில் கோண அடைப்புக்குள் வரும் கட்டளையே டேக். பக்கத்தின் தொடக்கத்தில் எச்டிஎம்எல் என்ற முதல் டேகில் லேங் என்ற பண்புக்குத் தமிழைக் குறிக்கும் டி, ஏ என்ற இரண்டெழுத்தை மதிப்பாகக் கொடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்யவும் உலாவி மொழிபெயர்ப்பைச் சரியாக முன்வைக்கவும் இந்தச் சிறு குறிப்பு உதவுகிறது. ஆயத்த வார்ப்புருவில் கட்டிய தமிழ்த் தளங்கள் பலவற்றில் அந்த இடத்தில் ஆங்கிலம் என்றே கிடக்கிறது.

பக்கத்தின் உறுப்புகளுக்குப் பெயர் கொடுங்கள்

எச்டிஎம்எல் மொழியின் ஐந்தாம் பதிப்பு 2014 அக்டோபரில் முறையான தரமாக வெளிவந்தபோது, பக்கத்தின் உறுப்புகளை அவற்றின் வேலையைக் கொண்டே அழைக்கும் டேகுகள் பல அதில் இடம்பெற்றன. தலைப்பகுதிக்கு ஹெட்டர், வழிகாட்டுப் பட்டிக்கு நேவ், முதன்மை உள்ளடக்கத்துக்கு மெயின், தனித்து நிற்கும் கட்டுரைக்கு ஆர்ட்டிக்கிள், அடிப்பகுதிக்கு ஃபூட்டர் என்று அவை பெயரிலேயே பொருளைச் சொல்கின்றன. எல்லாவற்றையும் டிவ் என்ற பொதுப் பெட்டியில் அடைத்து வண்ணத்தால் மட்டும் வேறுபடுத்தினால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியும், படிக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது.

தலைப்புகளில் ஒழுங்கு வேண்டும். பக்கம் எதைப் பற்றியது என்று சொல்லும் ஒரே ஒரு தலைப்பு எச்1 ஆகவும், அதன் பிரிவுகள் எச்2 ஆகவும், உட்பிரிவுகள் எச்3 ஆகவும் இருக்கட்டும். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொலைபேசி எண்ணுக்கு எச்1 இடுவதும், தலைப்பை வெறும் தடித்த எழுத்தாக விடுவதும் தவறு. அளவை மாற்றத் தனியே நடைத்தாள் என்ற தோற்றக் கோப்பு இருக்கிறது. அறை வாடகை வரிசையும் நெடுவரிசையுமாக வருவதால் அதற்கு டேபிள் டேகே பொருத்தம்; நெடுவரிசைகளின் தலைப்புகளை டிஎச் என்ற டேகில் இட்டால், 2500 என்ற எண் "வார இறுதி வாடகை" என்ற தலைப்பின் கீழ் வருவது என்பது இயந்திரத்துக்கும் விளங்கும்.

படங்களுக்கு ஆல்ட் என்ற மாற்று உரையை எழுதும்போது "படம் 1" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். "சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடிகள், ஏற்காடு" என்று, படத்தைப் பார்க்க முடியாத ஒருவரிடம் தொலைபேசியில் சொல்வதுபோல எழுதுங்கள். தேதிகளுக்கு டைம் என்ற டேக் இருக்கிறது. 05/06 என்று எழுதினால் நாம் ஜூன் 5 என்போம், அமெரிக்கர் மே 6 என்பார். எனவே கண்ணுக்குத் தமிழில் எழுதிய தேதியைக் காட்டி, டேட்டைம் பண்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சிறுகோடு இட்டு எண்களைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்து முடித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான சிறு தளங்களுக்கு இதுவே முக்கால் பங்கு வேலை.

சீட்டு எழுதுதல்

இப்போது ஸ்கீமாவுக்கு வருவோம். கூகுள், பிங், யாகூ ஆகிய மூன்று தேடுபொறிகளும் 2011 ஜூனில் ஒன்றுகூடி, பொருள்களையும் அவற்றின் பண்புகளையும் குறிக்க ஒரு பொதுச் சொல்தொகுதியை ஸ்கீமா டாட் ஆர்க் என்ற தளத்தில் வெளியிட்டன. அதே ஆண்டில் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. இதைத் தொடங்கி வளர்த்ததில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த ஆர்.வி. குகா. தளங்களில் வரும் புதிய பதிவுகளைத் தானாகப் பெற உதவும் ஆர்எஸ்எஸ் ஓடையை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவர்தான். அந்தத் தொகுதியில் இன்று 800-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நமக்கு வேண்டியவை ஐந்தாறுதான், மலைக்க வேண்டாம்.

இச்சொற்களைப் பக்கத்தில் சேர்க்க மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஜேசன்-எல்டி என மூன்று முறைகள் இருக்கின்றன. முதல் இரண்டிலும் குறிப்புகளை எச்டிஎம்எல் டேகுகளுக்கு நடுவே தூவ வேண்டும். பக்கத்தின் வடிவத்தை மாற்றும்போது அவை உடையும். ஜேசன்-எல்டியில் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் என்ற டேகுக்குள் வரும் ஒரே பெட்டியில் தனிச் சீட்டாக எழுதிவிடலாம். கூகுள் பரிந்துரைப்பதும் இதையே. புதியவர்கள் வேறு முறையை நாட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: இந்தப் பக்கம் எதைப் பற்றியது? தளம் முழுவதற்கும் சேர்த்து ஒரே விடை தேடாதீர்கள். தோட்ட வீட்டின் அறைகளைச் சொல்லும் பக்கத்துக்கு லாட்ஜிங்பிசினஸ் என்ற வகை பொருந்தும். காலை உணவும் சேர்த்துத் தருவதானால் அதன் உள்வகையான பெட்அண்ட்பிரேக்ஃபாஸ்ட் இன்னும் துல்லியம். காப்பித்தூள் பக்கத்துக்கு ப்ராடக்ட். தோட்டத்தில் காப்பி பழுத்து உலர்வதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ஆர்ட்டிக்கிள். பொருந்துகிறவற்றுள் எது மிகக் குறுகியதோ அதைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அறைகளின் பக்கத்துக்குச் சீட்டு எழுதிப் பார்ப்போம். முதல் வரியில் கான்டெக்ஸ்ட் என்ற சொல்லுக்கு ஸ்கீமா டாட் ஆர்க் முகவரியும், அடுத்த வரியில் டைப் என்ற சொல்லுக்கு நாம் தேர்ந்த வகையும் வரும். இந்த இரண்டு சொற்களுக்கும் முன்னால் அட் குறி இட வேண்டும். நேம் என்பதில் பலகையில் எழுதியிருக்கும் அதே பெயரைத் தமிழில் இடுங்கள். ஆல்டர்நேட்நேம் என்பதில் ஆங்கில எழுத்தில் மக்கள் எழுதும் வடிவத்தைக் கொடுங்கள். ஏற்காடு, சேர்வராயன் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல் மற்றவர் எழுதுவதில்லை என்பதால், நம் பகுதித் தளங்களுக்கு இந்த ஒரு வரி மிகுந்த பயன் தரும்.

அட்ரஸ் என்பதுதான் "எந்தச் சேலம்" என்ற கேள்விக்கு விடை சொல்லும் இடம். முகவரியை ஒரே வரியாகக் கொட்டாமல், போஸ்டல்அட்ரஸ் என்ற வகையின் கீழ்ப் பிரித்து எழுதுங்கள். தெருவும் கதவு எண்ணும் ஸ்ட்ரீட்அட்ரஸில். ஏற்காடு என்பது அட்ரஸ்லோகாலிட்டியில். தமிழ்நாடு என்பது அட்ரஸ்ரீஜனில். 636601 என்பது போஸ்டல்கோடில். இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டெழுத்து அட்ரஸ்கன்ட்ரியில். சேலம் நகரில் இருக்கும் கடையாக இருந்தால் அட்ரஸ்லோகாலிட்டியில் சேலம் வரும். அதற்கடுத்த இரண்டு வரிகளைப் படித்த பின் ஆரிகனுக்கும் மாசச்சூசெட்ஸுக்கும் அங்கே இடமில்லை.

ஜியோ என்பதில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறைந்தது ஐந்து தசம இடங்கள் வரை கொடுக்கச் சொல்கிறது கூகுள். இரண்டு இடங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகலாம். ஐந்து இடங்கள் கொடுத்தால் பிசகு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் பெரிதில்லை. மலையில் அது வேறு சரிவு, வேறு பாதை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தவர் இருட்டில் இன்னொரு தோட்டத்தின் கேட்டில் போய் நிற்பார். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, உங்கள் வாசலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் கிடைக்கும்.

டெலிபோனுக்கு நாட்டுக் குறியீடான 91-ஐக் கூட்டல் குறியோடு முன்னால் சேருங்கள். திறந்திருக்கும் நேரத்துக்கு ஓப்பனிங்அவர்ஸ்ஸ்பெசிஃபிகேஷன் என்ற நீண்ட பெயருடைய பண்பு இருக்கிறது. அதில் கிழமைக்குத் தனிக் கட்டம் இருப்பதால் வெள்ளி என்ற கிழமை அங்கே உலோகமாக மாற வழியில்லை. சேம்ஆஸ் என்பதில் உங்கள் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களின் முகவரிகளை இடலாம். அவையும் இதுவும் ஒரே நிறுவனம் என்று அது உறுதி செய்கிறது.

காப்பித்தூள் பக்கத்தின் சீட்டு இன்னும் சிறியது. பெயர், படம், விளக்கம், அதனுள் ஆஃபர்ஸ் என்ற உட்பெட்டி. அந்த உட்பெட்டியில் ப்ரைஸ் என்பதற்கு எண் மட்டுமே வர வேண்டும். ரூபாய்க் குறி கூடாது, ஆயிரத்துக்கு இடும் காற்புள்ளியும் கூடாது. நாணயத்தை ப்ரைஸ்கரன்சியில் ஐ, என், ஆர் என்ற மூன்றெழுத்தால் தனியே சொல்ல வேண்டும். சரக்கு கையிருப்பில் உள்ளதா தீர்ந்துவிட்டதா என்பதை அவைலபிலிட்டி சொல்லும். பொருளின் பெயரைக் "காப்பித்தூள்" என்று மட்டும் விடாமல், "ஏற்காடு அரபிக்கா காப்பித்தூள், சிக்கரி கலவாதது, 500 கிராம்" என்று எழுதினால் வாங்குகிறவருக்கும் நல்லது.

சரக்கில் இல்லாததைச் சீட்டில் எழுதாதீர்கள்

இதில் எனக்கே ஒரு தவறு நேர்ந்தது. மலையில் ஒரு தோட்டத்தாரின் மிளகு விலையை உயர்த்திப் பக்கத்தில் மாற்றினேன். ஸ்கிரிப்ட் பெட்டியில் இருந்த விலையை மாற்ற மறந்துவிட்டேன். தேடல் முடிவில் பழைய விலையே தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சேலத்திலிருந்து வண்டி ஏறி வந்த ஒருவர், கைப்பேசியை நீட்டி, "நீங்க போட்ட வெலைதானுங்களே இது?" என்று கேட்டிருக்கிறார். தோட்டத்து அம்மா மறுபேச்சில்லாமல் அந்த விலைக்கே நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த இழப்பு என் கவனக்குறைவால் வந்தது. அன்றிலிருந்து, விலையை ஓரிடத்தில் மட்டும் எழுதி, பக்கமும் சீட்டும் அந்த ஓரிடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைத்துத் தருகிறேன். அவ்வாறு அமைக்க முடியாதவர்கள், விலை மாற்றும் நாளில் இரண்டையும் திருத்தியாயிற்றா என்று ஒருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

மறந்து விடுவது ஒன்று, வேண்டுமென்றே எழுதுவது வேறொன்று. பக்கத்தில் ஒரு மதிப்புரைகூட இல்லாதபோது சீட்டில் மட்டும் ஐந்து நட்சத்திரம் என்று எழுதித் தருவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். பக்கத்தில் பார்வையாளருக்குக் காட்டாததைச் சீட்டில் எழுதுவது கூகுளின் விதிகளுக்கு முரண். கண்டுபிடிக்கப்பட்டால் தேடல் முடிவுகளில் விலை, நட்சத்திரம் போன்ற கூடுதல் விவரங்களோடு சிறப்புத் தோற்றத்தில் வரும் தகுதியை அந்தத் தளம் இழக்கும். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே இட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களைக் காட்டுவதை 2019-இலேயே கூகுள் நிறுத்திவிட்டது. கேள்வி-பதில் குறியீட்டின் சிறப்புத் தோற்றத்தையும் 2023-இல் அரசு, மருத்துவத் தளங்களுக்கு என்று சுருக்கிவிட்டது. எனவே பழைய காணொளிகளைப் பார்த்து, இவற்றைச் சேர்த்தால் தேடலில் அகலமான இடம் கிடைக்கும் என்று நம்பி உழைக்க வேண்டாம். சரியாக எழுதிய சீட்டுகூடச் சிறப்புத் தோற்றத்துக்கு உறுதிமொழி ஆகாது. தரவரிசையில் மேலே தூக்கிவிடும் தந்திரமும் அதில் இல்லை. உங்கள் பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தவறில்லாமல் புரியவைப்பதே அதன் பயன், அது சிறிய பயனும் அல்ல.

சோதனை

எழுதி முடித்த சீட்டை வெளியிடும் முன் இரண்டு கருவிகளில் இட்டுப் பாருங்கள். இலக்கணம் சரியா, சொற்கள் ஸ்கீமா தொகுதியில் உள்ளவையா என்பதை ஸ்கீமா மார்க்அப் வேலிடேட்டர் சொல்லும். கூகுள் அதை எந்தச் சிறப்புத் தோற்றத்துக்குத் தகுதியாகக் கொள்கிறது என்பதை ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் சொல்லும். பிழை என்று வருவதைத் திருத்தியே ஆக வேண்டும். எச்சரிக்கை என்று வருவது பெரும்பாலும் "இந்த விவரமும் இருந்தால் நல்லது" என்ற பரிந்துரைதான். அந்த விவரம் உங்களிடம் உண்மையில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள்.

புதியவர்களின் சீட்டு முதன்முறை தோல்வியடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மேற்கோள் குறிதான். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி நகலெடுக்கும்போது நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். ஜேசனுக்கு வளைந்த குறி புரியாது, சீட்டு முழுவதும் செல்லாததாகிவிடும். அதற்கடுத்த காரணம், கடைசி வரியின் முடிவில் தேவையின்றி விடப்பட்ட காற்புள்ளி. எனவே நோட்பேட் போன்ற வெறும் உரைத் திருத்தியில் மட்டுமே எழுதுங்கள். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற செருகுநிரல்கள் (அதில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) தாமாகவே சீட்டு எழுதும். தளத்தின் தோற்ற வார்ப்புருவான தீமும் ஒன்று எழுதும். மூன்றாவதாக நீங்கள் ஒன்றைச் சேர்ப்பீர்கள். ஒரே கடைக்கு மூன்று முகவரி என்ற நிலை அப்படித்தான் உண்டாகிறது. வேலிடேட்டரில் பக்க முகவரியை இட்டால் எத்தனை சீட்டுகள் இருக்கின்றன என்று தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, திருத்திய பக்கத்தின் முகவரியை யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பெட்டியில் இட்டு, மீண்டும் படிக்கும்படி கோரலாம். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில் கூகுள் வரைபடத்தில் உள்ள உங்கள் நிறுவனப் பதிவைத் திறந்து, அங்கே இருக்கும் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் சீட்டில் இருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கோடை விழாவுக்காக மே மாதத்தில் வாடகையும் நேரமும் மாறுவதாக இருந்தால், மாற்ற வேண்டிய இடங்கள் மூன்று: பக்கம், சீட்டு, வரைபடப் பதிவு. விழா முடிந்து பழைய கட்டணத்துக்குத் திரும்பும் நாளிலும் அதே மூன்று இடங்கள்.